ஒரே செய்தியின் இரண்டு நகல்கள்

உமையாளைக் குரு என்று அந்த அலுவலகத்தில் கூப்பிட ஆரம்பித்தது கிண்டலுக்குத்தான். யாராவது சந்தேகம் கேட்டுப் போய் நின்றால் அவர் நேராகப் பதில் சொல்ல மாட்டார். எதையாவது செய்துவிட்டு வரச் சொல்லி அனுப்பிவிடுவார். செய்துவிட்டுத் திரும்புவதற்குள் கேட்டவருக்குப் பாதி விளங்கியிருக்கும், மீதிக்குக் கோபம் வந்திருக்கும். நாளடைவில் கிண்டல் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

குருவுக்கு முப்பத்திரண்டு வயது. சீடர் தொபியாஸ் ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். நரைத்த மீசையும் மூக்குக் கண்ணாடியுமாக அவர் குருவின் மேசையருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருப்பார். புதிதாக வருகிறவர்கள் அவரைத்தான் குரு என்று நினைத்து வணக்கம் வைப்பார்கள். தொபியாஸ் ஒரு தடவைகூட அதைத் திருத்தியதில்லை.

அலுவலகம் தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே, ஒரு வலைக்கடையின் மாடியில் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் கடலும் கருவாட்டு வாசமும் சேர்ந்தே வரும். அங்கே விசைப்படகுகளுக்கு ஒரு பெட்டி செய்துகொண்டிருந்தார்கள். படகு எங்கே நிற்கிறது என்று பெட்டி கரைக்குச் சொல்லும். கரையில் ஒரு திரை. படகு ஒவ்வொன்றும் அதில் ஒரு புள்ளி. எந்தப் படகு இருக்கும் பக்கம் பெருங்காற்று கிளம்புகிறதோ அந்தப் புள்ளி சிவப்பாகும். உடனே துறைமுகத்தில் வயர்லெஸ் செட்டோடு உட்கார்ந்திருப்பவர் அந்தப் படகைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திரும்பி வரச் சொல்ல வேண்டும்.

இதற்கான கம்ப்யூட்டர் நிரலில் புள்ளிகளைக் காட்டும் பகுதியைத் தொபியாஸ் எழுதினார். காற்றைக் கணிக்கும் பகுதியைக் காயல்பட்டினத்துக்காரரான நூருல் அமீன் எழுதினார். இரண்டும் சேர்ந்தால்தான் சிவப்பு வரும்.

தொபியாஸின் தம்பி கித்தேரியான் கடலுக்குப் போகிறவர். பெட்டியே வேண்டாம், கையில் போன் இருக்கும்போது இது எதற்கு இன்னொரு சனியன் என்று சொன்ன படகுக்காரர்களிடம் எல்லாம் போய்ப் பேசியது அவர்தான்.

"எங்க அண்ணன் செய்யுத பெட்டி. அவன நம்பி நான் மாட்டுதேன். என்ன நம்பி நீங்க மாட்டுங்க."

மாட்டினார்கள். மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலில் இறங்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. அது கச்சான் வீசும் பருவம். தென்மேற்கிலிருந்து அடிக்கும் அந்தக் காற்று படகைக் கரையை விட்டுத் தள்ளிக்கொண்டே போகும். அன்றைக்குத் திரை ஓடாவிட்டால் படகுகள் நிற்கப்போவதில்லை, சும்மா போகும். கித்தேரியானும் போவார். பத்திரமாகத் திரும்பி வந்தாலும் துறைமுகத்தில் அவர் பேச்சுக்கு அப்புறம் மதிப்பு இருக்காது.

இங்கே ஒன்றை விளக்கிவிட வேண்டும். படகைப் பற்றிய செய்தி எப்படி இருக்க வேண்டும் என்று குரு ஒரு சின்னக் கோப்பில் எழுதி வைத்திருந்தார். படகின் பெயர், இடம், நேரம், ஆபத்தா இல்லையா, அவ்வளவுதான். அந்தக் கோப்பை ஒரு மென்பொருள் கருவி வாசித்து, செய்தியைப் பிரித்துப் படிப்பதற்கு வேண்டிய நிரலைத் தானே எழுதிக் கொடுத்துவிடும். மனிதர் உட்கார்ந்து எழுதினால் நாள்கணக்கில் ஆகும், தப்பும் இருக்கும். கருவிக்குக் கண் மூடித் திறக்கும் நேரம் போதும்.

அந்த நிரல் இரண்டு பேருக்குமே தேவைப்பட்டது. தொபியாஸ் கருவியைத் தன் இடத்தில் ஓட்டி, வந்ததைத் தன் பகுதிக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார். நூருலும் அப்படியே செய்துகொண்டார். ஒருவரை ஒருவர் கேட்கவில்லை. அடுத்த மேசைதான், இருந்தாலும் கேட்கவில்லை.

இரண்டு பகுதிகளையும் முதல்முதலாகச் சேர்த்து ஓட்டிய அன்று திரை வரவே இல்லை. ஒரே ஒரு வரி வந்தது. இந்தச் செய்தி ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது என்று சொல்லிவிட்டு எல்லாம் நின்றுபோனது.

தொபியாஸின் பகுதி தனியாக ஓடியது. நூருலின் பகுதியும் தனியாக ஓடியது. சேர்த்தால் எழுந்திருக்கும் முன்பே விழுந்தது. இரண்டு பேரும் அவரவர் நகலைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். எதிரியிடம் குற்றம் கண்டுபிடிக்கிற ஆசையோடுதான் பார்த்தார்கள். ஒரு புள்ளிகூட வித்தியாசம் இல்லை.

தொபியாஸ் நாற்காலியை இழுத்துக்கொண்டு குருவிடம் போனார்.

"ரெண்டும் ஒண்ணுதான மேடம். வேற வேறயா இருந்து விழுந்தா ஒரு நியாயம் இருக்கு. ஒண்ணா இருந்தும் ஏன் விழுது?"

குரு திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாயங்காலம் உங்க தம்பி படகுல இருப்பாரா?"

"இருப்பான். இன்ஜின் வேல நடக்கு."

"நீங்களும் போய் உட்காருங்க சார். செட்டைப் போட்டு வைங்க. யாரும் பேசாத சேனல் ஒண்ணு சொல்றேன். அதுல ஒரு விஷயம் வரும்."

"அத இங்கயே சொல்லலாமே."

"அங்க போய்க் கேளுங்க."

தொபியாஸ் முணுமுணுத்துக்கொண்டே படியிறங்கினார். ஐம்பது வயதில் இந்தப் படிப்பு தேவையா என்று வலைக்கடைக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் ரோட்டைத் தாண்டினார்.

கித்தேரியான் இன்ஜின் அறையிலிருந்து கையெல்லாம் கிரீஸோடு ஏறி வந்தார். "என்னண்ணே, இந்த நேரத்துல?"

"செட்டப் போடு. எங்க மேடம் பேசணுமாம்."

"போன்ல பேசக்கூடாதா?"

"அத அவங்ககிட்ட கேக்கதுக்கு எனக்குத் தைரியம் இல்ல."

செட்டைப் போட்டார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு சட்டியைக் கரண்டியால் சுரண்டுவது போல ஓர் இரைச்சல் வந்தது. வந்த வேகத்தில் நின்றது.

தொபியாஸ் பொத்தானை அமுக்கினார். "மேடம், கேக்கல. திரும்பச் சொல்லுங்க."

மறுபடியும் அதே இரைச்சல்.

கித்தேரியான் சிரித்தார். "ரெண்டு பேரு ஒண்ணா அமுக்குதாங்கண்ணே. இது தெரியாதா உனக்கு? அப்பா படகுலயே கேட்டிருக்கியே."

தொபியாஸுக்குத் தெரியும். பையனாக இருந்தபோதே தெரியும். அதற்குப் பிறகு எத்தனையோ படித்ததில் இதை நினைக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

செட்டில் இப்போது குருவின் குரல் மட்டும் தெளிவாக வந்தது. "சார், என்ன கேட்டுச்சு?"

"ஒண்ணும் கேக்கல மேடம். இரைச்சல்தான்."

"நான் மாடியிலேர்ந்து பேசினேன். நூருல் துறைமுகத்து முனையிலேர்ந்து பேசினார். ஒரே நேரத்துல."

"என்ன பேசுனீங்க?"

"ரெண்டு பேரும் ஒரே வார்த்தைதான் சார். ஒரு எழுத்து மாறல. கித்தேரியான், காத்து கிளம்புது, திரும்பி வாங்க."

கித்தேரியானின் சிரிப்பு அடங்கிவிட்டது. கிரீஸ் கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார்.

"ரெண்டு பேரும் நல்லதுதான் சொல்லியிருக்காங்க" என்றார். "எனக்குத்தான் வந்து சேரல."

தொபியாஸ் கேட்டார். "உனக்குக் கேக்கலன்னு சொன்னவங்களுக்குத் தெரியுமால?"

"அமுக்கிட்டு இருக்கவனுக்கு என்னண்ணே தெரியும்? நாம சொல்லிட்டோம்னு அவன் நிம்மதியா இருப்பான்."

மறுநாள் தொபியாஸ் சீக்கிரமே அலுவலகத்துக்கு வந்தார். வழக்கமாகக் குரு வந்த பிறகுதான் வருவார்.

"விளங்கிட்டு மேடம். ஒண்ணுதான் இருக்கணும்."

"ஆமா."

"அப்ப நூருல்ட்ட சொல்லி அவரோடத எடுக்கச் சொல்லுங்க. என்னோடது இருக்கட்டும்."

குரு வாய்விட்டுச் சிரித்தார். "அவர் ராத்திரியே போன் பண்ணி இதத்தான் சொன்னார். ஆளு மட்டும் மாத்தி."

தொபியாஸுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி சார். உங்களோடதே இருக்கட்டும். நூருல், நீங்க உங்க நகலை எடுத்துட்டு சார் பகுதியிலேர்ந்து வாங்கிக்கங்க."

நூருல் நல்ல மனிதர். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் சொன்னதைச் செய்தார். ஆனால் செய்தி நிரல் தொபியாஸின் பகுதிக்கு உள்ளே அல்லவா இருந்தது. அதை மட்டும் தனியாகப் பிய்த்து எடுக்க முடியாது. வேண்டுமென்றால் தொபியாஸின் பகுதி முழுவதையும் எடுக்க வேண்டும். கடல் வரைபடம் வந்தது. டீசல் கணக்கு வந்தது. தொபியாஸ் ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த எழுத்துருக்கள் வந்தன. நூருல் ஓட்டிப் பார்த்தபோது, சோதனைக்காகத் தொபியாஸ் போட்டு வைத்திருந்த படகு ஹாரன் முழு சத்தத்தில் அடித்தது. கீழே வலைக்கடையிலிருந்து ஆட்கள் வெளியே ஓடி வந்து மேலே பார்த்தார்கள்.

நூருல் காதைப் பொத்திக்கொண்டு சொன்னார். "நான் ஒரு செய்திதான் கேட்டேன் சார். நீங்க தட்டுமுட்டுச் சாமானோட குடிவந்துட்டீங்க."

"நம்ம சாமான் எல்லாம் நல்ல சாமான்தான்" என்றார் தொபியாஸ், குறைந்த குரலில்.

மாற்றிப் பார்த்தார்கள். நூருலின் காற்றுக் கணக்கு அத்தனையும் தொபியாஸின் பகுதிக்குள் வந்து இறங்கியது. அத்தனையையும் சேர்த்துக் கட்டும் பில்டு முடிவதற்குள் டீ வந்து, ஆறி, ஆடை கட்டிவிட்டது. தொபியாஸ் அந்த டீயைக் குடிக்காமலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யார் வீட்டுலயும் வைக்க முடியாது போலிருக்கே" என்றார்.

"முடியாது சார்."

"பிறகு?"

குரு கம்ப்யூட்டரில் புதிதாக ஓர் இடம் திறந்தார். அதில் அந்தச் சின்னக் கோப்பை மட்டும் வைத்தார். கோப்பைக் கருவி வாசிக்க வேண்டும், வந்த நிரலைக் கட்டிப் பலரும் எடுத்துப் பயன்படுத்தும் லைப்ரரியாக வைக்க வேண்டும், அதற்குச் செய்தி என்று பெயர் என எழுதினார். வேறு ஒன்றும் எழுதவில்லை. வரைபடம் இல்லை, காற்றுக் கணக்கு இல்லை, ஹாரன் இல்லை.

"யாருக்கு வேணுமோ அவங்க பேரைச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கலாம். வேறெதுவும் கூட வராது."

"இது யாரோடது மேடம்?"

"கேக்குறவங்களோடது."

தொபியாஸ் கண்ணாடியைக் கழற்றினார். அவர் பேசத் தயங்கும்போது அப்படித்தான் செய்வார்.

"முன்னால வேல பாத்த எடத்துல இப்படித்தான் ஒரு பொதுச் சாமான் இருந்துச்சு. எல்லாரும் அதத்தான் எடுப்போம். ஒருத்தன் ஒரு வெள்ளிக்கிழம அதுல கைய வச்சிட்டுப் போய்ட்டான். திங்கக்கிழம என்னோடது விழுந்து கெடக்கு. நிக்க வச்சுக் கேட்டது என்னத்தான். அன்னைலேர்ந்து எதுன்னாலும் ஒரு நகல் எடுத்து என் வீட்டுக்குள்ள வச்சிக்கிடுவேன்."

"ம்."

"கையில இல்லாதத எப்படி மேடம் நம்பது?"

குரு ஜன்னலுக்கு வெளியே, கரையேற்றி வைத்திருந்த படகொன்றுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க நகலை அழிச்சிடுங்க சார். லைப்ரரி பேரை உங்க பகுதியில எழுதிடுங்க" என்று மட்டும் சொன்னார்.

நூருல் அன்றே அழித்துவிட்டார். தொபியாஸ் அழிக்கப் போனார். விரல் விசை வரைக்கும் போனது. அதற்குள் கித்தேரியானின் போன் வந்தது.

"ஓடுதாண்ணே? ஆளாளுக்குக் கேக்காங்க. நேத்து அந்தோணிக்குட்டி மாமா ஏலக்கூடத்துல எல்லாரும் இருக்கப்ப கேக்காரு, என்னல உங்க அண்ணன் பெட்டி சும்மா பொங்கலுக்குத் தொங்கப் போட்ட தோரணமான்னு."

"ஓடும். நீ பேசாம இரு."

போனை வைத்தார். இப்படிப்பட்ட நேரத்தில் கையில் இருப்பதை அழிக்க அவருக்கு மனம் வரவில்லை. நகலை அப்படியே நகர்த்தி, தன் கம்ப்யூட்டரின் வேறொரு மூலையில், பழசு என்று பெயரிட்ட ஃபோல்டருக்குள் வைத்தார். தன் பகுதியை மட்டும் ஓட்டிப் பார்த்தார். அது தன் பழைய வழக்கப்படி மூலையில் இருந்ததைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடியது. ஓடியதால் லைப்ரரியின் பெயரை எழுத அவர் மறந்துபோனார். மறந்தார் என்றுதான் அவரே நம்பினார்.

தடைக்காலத்தின் கடைசி நாள் சாயங்காலம் துறைமுக அறையில் புதுக் கம்ப்யூட்டரை வைத்தார்கள். அதில் வேறெதுவும் கிடையாது. அலுவலகத்திலிருந்து அனுப்பியது மட்டும்தான் இருந்தது. வெளியே படகுகளில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கித்தேரியான் அறை வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் இன்னும் சில தலைகள் தெரிந்தன.

கருவி ஓடியது. லைப்ரரி தயாரானது. நூருலின் பகுதி அதை வாங்கிக்கொண்டு ஒழுங்காக முடிந்தது. தொபியாஸின் பகுதி நின்றுவிட்டது. செய்தி நிரல் எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியவில்லை.

"என் மெஷின்ல ஓடுச்சே" என்றார் தொபியாஸ்.

"லைப்ரரி பேரை எழுதினீங்களா சார்?"

தொபியாஸ் கண்ணாடியைக் கழற்றினார்.

"எழுதல."

"அப்ப உங்க மெஷின்ல எதை வச்சு ஓடுச்சு?"

தொபியாஸ் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"பழசுன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு மேடம்."

இந்த வயதில் ஒரு மனிதர், தன் தம்பி பார்த்துக்கொண்டிருக்க, ஒளித்துவைத்த பொருளோடு பிடிபடுவது பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. நூருல் பெருந்தன்மையாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். குரு கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் தொபியாஸுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

தொபியாஸ் பையிலிருந்து தன் கம்ப்யூட்டரை எடுத்துத் திறந்தார். பழசு என்ற ஃபோல்டரை அழித்தார். குப்பைத்தொட்டியில் போய்க் கிடந்ததையும் தேடி அழித்தார். பிறகு தன் பகுதியில் ஒரு வரி எழுதினார். எனக்குச் செய்தி என்ற லைப்ரரி வேண்டும்.

எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதோட அர்த்தம், அது தயாராகுத வரைக்கும் என்னோடது நிக்கணும். இல்லையா?"

"நிக்கும்."

"அது வரலன்னா என்னோடது வராது."

"வராது."

"சரி" என்றார் தொபியாஸ். மீசையை ஒரு தடவை தடவிக்கொண்டார். "ஓட்டுங்க."

கருவி முதலில் போனது. லைப்ரரி அதற்குப் பின்னால் வந்தது. அதுவரை தொபியாஸின் பகுதி காத்துக்கொண்டு நின்றது. பிறகு இரண்டு பகுதிகளும் முடிந்தன. திரை எழுந்தது. துறைமுகத்துக்குள் நின்ற படகுகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் புள்ளிகளாக வந்து அப்பிக்கொண்டன.

வாசலிலிருந்து கித்தேரியான் கேட்டார். "ஓடுதாண்ணே?"

"ஓடுது."

"எங்க, நம்ம படகு எங்க நிக்கி?"

தொபியாஸ் விரலை வைத்துக் காட்டினார். கித்தேரியான் உள்ளே வந்து குனிந்து பார்த்தார். வெளியே போய்த் தன் படகைப் பார்த்தார். திரும்பவும் உள்ளே வந்து திரையைப் பார்த்தார். "நான்தான் சொன்னேன்லா" என்று பின்னால் நின்றவர்களிடம் சொல்லிக்கொண்டே போனார்.

மறுநாள் விடிகாலையில் படகுகள் இறங்கின. துறைமுக அறையில் வயர்லெஸ் செட்டின் முன்னால் நூருல் உட்கார்ந்தார். குருவும் தொபியாஸும் மாடியில் அலுவலகத் திரையின் முன்னால் இருந்தார்கள். அப்பிக் கிடந்த புள்ளிகள் ஒவ்வொன்றாகப் பிரிந்து கிழக்கே போயின. கண்ணுக்குப் படகுகள் மறைந்த பிறகும் திரையில் புள்ளிகள் போய்க்கொண்டே இருந்தன.

வெயில் ஏறியபோது காற்று மாறியது. முதலில் ஜன்னல் கதவு அடித்தது. கொஞ்ச நேரத்தில் திரையின் தெற்கு ஓரத்தில் ஒரு புள்ளி சிவந்தது. பிறகு அதை ஒட்டி இன்னும் சில. கித்தேரியானின் படகு அந்தக் கூட்டத்துக்கு நடுவில் இருந்தது.

அலுவலகச் செட்டில் நூருலின் குரல் வந்தது. அவர் அவசரப்படவில்லை. ஓரத்தில் இருந்த படகிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். காற்று கிளம்புகிறது, திரும்பி வாருங்கள் என்று சொல்லி நிறுத்துவார். பதில் வந்ததும் அடுத்த பெயரைச் சொல்வார். ஒரு படகு பதில் சொல்லத் தாமதித்தது. நூருல் திரும்பவும் அதையே கூப்பிட்டார்.

கித்தேரியானின் புள்ளி இன்னும் கிழக்கேதான் போய்க்கொண்டிருந்தது.

தொபியாஸ் மேசைமேல் இருந்த செட்டை எடுத்தார். கட்டைவிரல் பொத்தானின் மேல் இருந்தது.

"நான் ஒரு தடவ கூப்பிட்டுருதேன் மேடம். என் குரல் அவனுக்குத் தெரியும்."

குரு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நூருல் சொல்லுததத்தான் நானும் சொல்லப் போறேன். வேற ஒண்ணும் இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. சட்டியைச் சுரண்டும் அந்த இரைச்சல் நினைவுக்கு வந்தது. கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டே இருந்த தம்பி நினைவுக்கு வந்தார்.

புள்ளி இன்னும் திரும்பவில்லை. பயம் என்றால் அப்படி ஒரு பயம். தொபியாஸ் கட்டைவிரலைப் பொத்தானிலிருந்து எடுத்தார். எடுத்த விரலை என்ன செய்வது என்று தெரியாமல் உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டார்.

நூருல் அடுத்த பெயரைச் சொன்னார். அதற்கடுத்த பெயர் கித்தேரியானுடையது.

"கித்தேரியான், காத்து கிளம்புது, திரும்பி வாங்க."

செட் அமைதியாக இருந்தது. பிறகு இன்ஜின் சத்தத்துக்கு நடுவே ஒரு குரல் வந்தது.

"கேட்டுது, கேட்டுது. திரும்புதோம்."

திரையில் அந்தப் புள்ளி கொஞ்சம் தயங்கி, மேற்கே வளைந்தது.

தொபியாஸுக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையின் ஓரத்தில் துடைத்துப் போட்டுக்கொண்டார். திரும்பவும் நனைந்தது, திரும்பவும் துடைத்தார். குரு எழுந்து போய் அடித்துக்கொண்டிருந்த ஜன்னலைச் சாத்தினார்.

புள்ளிகள் எல்லாம் மேற்கே வரத் தொடங்கி வெகு நேரம் ஆன பிறகு தொபியாஸ் பேசினார்.

"அன்னைக்கு ஒண்ணு கேட்டேன் மேடம். நீங்க பதிலே சொல்லல."

"என்ன கேட்டீங்க?"

"கையில இல்லாதத எப்படி நம்பதுன்னு."

குரு திரையில் கித்தேரியானின் புள்ளியைப் பார்த்தார்.

"காலையில உங்க தம்பி கரையை மடியில கட்டிக்கிட்டா போனார்?"